இரும்பு சேர்ந்த இடம்

வலித்தது முழங்கால், கோளாறு இருந்தது இடுப்பில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற யாராவது ஒருத்தி இந்த நேரத்தில் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நானும் பல மாதம் அப்படித்தான் இருந்தேன். படப்பையில் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கிற அத்தனை களிம்பும் என் முழங்காலுக்குப் பழக்கம்.

ஒரகடத்தில் என்ஜின் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால், கால் வலிக்கிறது என்று நான் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. என் மகள் ரூபிக்கு அப்போது ஒரு வயது முடிந்திருந்தது. அவளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டே சமைப்பேன், துணி காயப்போடுவேன். வலியும் இடது காலில்தான். கணக்கு சரியாக இருந்ததால் வேறு யோசனை வரவில்லை. படியில் காலை மடக்க முடியாமல் போனபோதாவது யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் வரிசை வீட்டில் அடுத்த கதவு தேவகி அக்காவுடையது. ஒரு கம்பெனி கேண்டீனுக்கு விடியுமுன் போய்க் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருகிற வேலை. நான் நடப்பதைப் பார்த்துவிட்டு அக்கா ஒருநாள் கேட்டார்.

“இன்னா கண்ணு, கெயவி மாரி சாஞ்சி சாஞ்சி நடக்குற? வாயு புடிச்சிக்கினு கீது. பூண்டு வறுத்துத் தின்னு.”

தின்றேன். என் கணவர் ஜெபராஜ் இரண்டு நாள் என் பக்கத்தில் வரவில்லை, வலி போகவில்லை.

கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு எலும்பு மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலைத் தொடாமல், காலை மடக்கி இடுப்பிலிருந்து உள்பக்கமாகத் திருப்பினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கிற அளவுக்குக் கத்தினேன். “இடுப்புல பிரச்சினைன்னா வலியை முழங்கால்ல காட்டும்மா. ரெண்டுக்கும் ஒரே நரம்பு போகுது” என்றார். பிறகு கேட்டார்: “ஸ்டீராய்டு மாத்திரை எப்பவாவது நெறைய சாப்பிட்டீங்களா?”

சாப்பிட்டிருந்தேன். ரூபி வயிற்றில் இருந்தபோது ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. ரத்தம் உறைவதற்கு உதவுகிற அணுக்கள் அவை. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்விடக்கூடாது என்று மாதக்கணக்கில் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். வேறு வழி இல்லை என்று அப்போதே சொன்னார்கள். இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பிறகு, பாதி மாத்திரை போதுமா என்று அன்றைக்கு நான் கேட்டிருக்கலாமோ, இன்னொரு டாக்டரைப் பார்த்திருக்கலாமோ என்று மனம் அங்கேயே சுற்ற ஆரம்பித்தது.

வீடு திரும்புகிற பேருந்தில் ஜெபராஜிடம் சொன்னேன். அவர் தூத்துக்குடிப் பக்கம். கோபமோ பாசமோ வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

“அந்த மாத்திரையத் தின்னதாலதானட்டி நீயும் இருக்க, பிள்ளையும் இருக்கு. இடுப்புதான போயிருக்கு? பாத்துக்கிடலாம். சும்மா கெடந்து பொலம்பாத.”

‘இடுப்புதானே’ என்பது சின்ன விஷயம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தொடை எலும்பின் மேல்நுனி ஒரு பந்து. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. அந்தப் பந்துக்குள் போகும் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. அவை அடைபட்டால் உள்ளே எலும்பு செத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பந்து உருண்டையாகத்தான் இருக்கும். அதன்மேல் உடம்பின் பாரம் இறங்க இறங்க ஒருநாள் மேல்பக்கம் பொத்தென்று உள்ளே அமுங்கிவிடும். அமுங்குவதற்கு முன்னால் பிடித்தால் பந்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். அமுங்கிவிட்டால் அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டியதுதான். என் வயதுக்கு அது ஆயுள் முழுக்க நிற்காது, பிற்பாடு மறுபடி மாற்ற வேண்டிவரும் என்றார்கள். குத்துக்கால் போட்டு உட்காரவும் கூடாது.

என் பந்து இன்னும் அமுங்கவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் பந்தின் மேல்பக்கம் நகக்கண் மாதிரி வளைந்த ஒரு கருப்புக் கோடு இருந்தது. “இந்தக் கோட்டுக்கு மேல இருக்கிறது செத்த எலும்பு” என்று மருத்துவர் பேனாவால் காட்டினார். கருப்பு என்றால் கெட்டது என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துவிட்டது.

அவர்தான் எங்களைச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே காத்திருப்பு அறையில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கம்பெனி, என்ன லைன் என்று கேட்டுக்கொள்வார்கள். எல்லோர் மடியிலும் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை. திரையில் டோக்கன் எண் மாறும்போதெல்லாம் அத்தனை தலையும் நிமிரும். நான் ஒவ்வொரு தடவையும் என் டோக்கனை எடுத்துச் சரிபார்ப்பேன், எண் நன்றாக நினைவில் இருந்தும்.

அறுவை சிகிச்சை மருத்துவர் நிதானமாகப் பேசுகிறவர். பந்துக்குள் துளை போட்டு அழுத்தத்தைக் குறைப்பது பழைய முறை என்றார். அத்துடன் என் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி, அதிலுள்ள எலும்பு வளர்க்கிற செல்களைச் செறிவாக்கி, அந்தத் துளை வழியாகச் செத்த இடத்தில் விடுவார்களாம். விட்ட செல் அங்கேயே நிற்கிறதா, ரத்தத்தோடு எங்காவது போய்விடுகிறதா என்பதுதான் யாருக்கும் கண்ணால் தெரிவதில்லை. அதைப் பார்க்க அவர்கள் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். நான் சேர விருப்பமா என்று கேட்டார்.

“இரும்புச் சத்துக் குறைவுக்குப் போடுற மருந்து ஒண்ணு இருக்கும்மா. ரொம்ப ரொம்பப் பொடியான இரும்புத் துகள். ஒரு தலைமுடி அகலத்துல ஆயிரக்கணக்குல வரிசையா வைக்கலாம். மேல சர்க்கரை மாதிரி ஒரு பூச்சு இருக்கும். மஜ்ஜை எடுக்கிறதுக்கு முன்னால அதை உங்க நரம்புல ஏத்திடுவோம். மஜ்ஜையில இருக்கிற செல்லு அதைத் தின்னு உள்ளே வெச்சுக்கும். அப்புறம் அந்த செல்லை எடுத்து இடுப்புப் பந்துல விட்டா, அந்த செல்லோட வயித்துல இருக்கிற இரும்பை வெச்சு அது எங்கே இருக்குன்னு எம்.ஆர்.ஐ.ல தெரிஞ்சிடும்.”

“அடையாளம் போடுற மாதிரியா சார்?”

“அதே. உங்க கம்பெனியில பீஸுக்கு மார்க் போட மாட்டீங்களா? அந்த மாதிரி.”

இங்கே என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் விரிசல் சோதிக்கிறவள். என்ஜினுக்குள் சுழல்கிற இரும்புத் தண்டு ஒன்று என் முன்னால் வரும். அதற்குக் காந்தம் ஏற்றுவோம். ஒளிரும் இரும்புத் தூள் கலந்த எண்ணெயை அதன்மேல் தெளிப்போம். பிறகு இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் காந்தம் அந்த இடத்தில் வெளியே கசியும். இரும்புத் தூள் அங்கே ஓடிப்போய்க் கூடும். பச்சையாக ஒரு கோடு மின்னும். அதில் சிவப்புப் பெயிண்ட் வைத்துக் கழிவுத் தொட்டியில் போட வேண்டும். பார்த்து முடித்த எல்லாத் தண்டிலிருந்தும் காந்தத்தை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் என்ஜினுக்குள் இரும்புப் பொடியை இழுத்துக்கொள்ளும்.

இரும்பு, காந்தம், அடையாளம் என்று மருத்துவர் சொன்னதும், அந்த அறையில் இத்தனை நாளில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த மொழியில் ஒருவர் பேசுகிறார் என்று தோன்றியது. அதுதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

சேர்ந்துகொள்ளச் சம்மதித்தேன். அறுவை சிகிச்சையைக் கம்பெனிக் காப்பீடு பார்த்துக்கொண்டது, இரும்பு மருந்தும் அதற்கான ஸ்கேனும் ஆராய்ச்சிக் கணக்கில் போயின. அப்படியும் ஒவ்வொரு தடவை படப்பையிலிருந்து போய்வரும்போது, ஷேர் ஆட்டோவில் குலுங்கி இடுப்பு கெட்டுவிடுமோ, வாடகைக் காரில் போனால் வீட்டு வாடகைக்கு இடிக்குமோ என்று இரண்டு பக்கமும் கவலைப்பட்டேன்.

மருந்து ஏற்றிய அன்று பயந்துகொண்டேதான் படுத்தேன். கடுங்காப்பி நிறத்தில் தொங்கியது. சிலருக்கு ஒவ்வாமை வரும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் இறங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் மெதுவாக ஏற்றினார்கள். செவிலியர் நகரவே இல்லை. “அரிக்குதா? நெஞ்சு அடைக்குதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்கக் கேட்க எனக்கு அரித்தது. எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவர் சிரித்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள். கால் என்னுடையதாக இல்லாமல் போனது. துளை போடும் சத்தம் கேட்டது. எங்கள் இயந்திரப் பிரிவில் கேட்கிற அதே சத்தம். துளைக்கிற பிட் சூடாகாமல் தண்ணீர் விடுவார்களா என்று ஒரு கணம் கவலைப்பட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தான் சொல்லும் வரை இடது காலில் முழு பாரம் போடக்கூடாது. இரண்டு ஊன்றுகோலும் இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக்கூடாது. குழந்தையைத் தூக்கவே கூடாது. துளை போட்ட பந்து இப்போது முன்னைவிட மென்மையாக இருக்கும், பாரம் இறங்கினால் அமுங்கிவிடும்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுக் கழிப்பறை, குத்துக்கால் போட்டு உட்காருகிற வகை. அதற்கு என்ன செய்வது என்று நான் ஆஸ்பத்திரியிலேயே கவலைப்பட ஆரம்பித்திருந்தேன். வந்து பார்த்தால் ஜெபராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டி வைத்திருந்தார். அவர் கம்பெனியில் இரும்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் அரவை இயந்திரம் ஓட்டுகிறவர்.

“விளிம்பத் தடவிப் பாரு. பிசிறே இருக்காது. அரம் போட்டு, உப்புத்தாளும் போட்டிருக்கேன்.”

“என்னங்க இது, இவ்வளவு வழவழன்னு?”

“கம்பெனிக்குக்கூட இம்புட்டு ஃபினிஷிங் குடுத்ததில்ல, பிள்ள.”

ரூபியைப் பகலில் தேவகி அக்கா பார்த்துக்கொண்டார். அவள் அப்போது இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். என் ஊன்றுகோலுக்கு அவள் வைத்த பெயர் ‘கால்’. ஒன்று கீழே விழுந்தால் “அம்மா, கால்!” என்று இழுத்துக்கொண்டு வருவாள். முதலில் “தூக்கு” என்று கை நீட்டினாள். நான் மாட்டேன் என்று தலையாட்டும் ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கை நீட்டுவதை நிறுத்திவிட்டாள். அழுகையைவிட அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஸ்கேன். ஜெபராஜ் உள்ளே கூட வருகிறேன் என்றார். ஸ்கேன் எடுக்கும் இளைஞர் அவரிடம், கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதுண்டா என்று கேட்டார்.

“அரவையில நிக்கவன்கிட்ட இதக் கேக்கியளே தம்பி. படாத நாளுதான் கம்மி.”

“அப்போ நீங்க வெளியவே இருங்கண்ணா. கண்ணுல ஒரு துணுக்கு மிச்சம் இருந்தாலும் காந்தம் அதை இழுக்கும்.”

அவர் கண்ணில் ஒரு துணுக்கு இருந்தாலே ஆபத்து என்றால், உடம்பு முழுக்க இரும்பு ஏற்றிக்கொண்ட நான்? கேட்டேவிட்டேன்.

“உங்களோடது அந்த மாதிரி இரும்பு இல்லக்கா. ரொம்பப் பொடி. காந்தம் அதைப் பிச்சு இழுக்காது. தன்னைச் சுத்தி இருக்கிற இடத்துல கொஞ்சம் குழப்பம் பண்ணும், அவ்வளவுதான். அந்தக் குழப்பம்தான் படத்துல தெரியும்.”

“வெளிய வந்ததும் காந்தத்தை இறக்கணும் இல்ல?”

அவருக்குப் புரியவில்லை. எங்கள் லைனில் ‘டீமேக்’ என்று காந்தம் இறக்குவதை விளக்கினேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து அறையில் இருந்தவரைக் கூப்பிட்டு, “டேய், அக்காவை டீமேக் பண்ணி அனுப்பணுமாம்டா” என்றார். அவ்வளவு பொடியான துகள் காந்தத்துக்குள் இருக்கும் வரைதான் காந்தமாக இருக்குமாம். வெளியே வந்தவுடன் தானாக விட்டுவிடுமாம். நானும் சிரித்தேன். சிரித்ததில் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டேன். செல் ‘தெரியும்’ என்றால் எப்படித் தெரியும்? எங்கள் இருட்டறையில் மாதிரி மின்னும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

படத்தை உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அறிக்கை பொங்கல் விடுமுறை கழிந்துதான், மருத்துவரும் அன்றைக்குத்தான் என்றார்கள்.

பிரிக்காமல் இருந்திருக்கலாம். ஜெபராஜ் வேலைக்குப் போனதும் ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பழைய படத்தையும் புதிய படத்தையும் பிடித்துப் பார்த்தேன். நாள் முழுக்க இரண்டு பொருளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே என் வேலை.

மின்னுவது எதுவும் இல்லை. பழைய படத்தில் நகக்கண் மாதிரி ஒரு கோடு இருந்த இடத்தில் இப்போது மை கொட்டியது மாதிரி ஒரு கருப்பு. பந்தின் மேல்பாதியில் பெரும்பகுதியை அடைத்திருந்தது. அதிலிருந்து கருப்பாக ஒரு வால் கீழே எலும்பின் கழுத்துக்குள் இறங்கியது.

அதைப் பார்க்க எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. இரும்பு ஓரிடத்தில் கூடியிருக்கிறது. நீளமாக ஓடுகிறது. ஆயிரக்கணக்கான தண்டுகளில் நான் பார்த்தது. விரிசல். கழிவுத் தொட்டி.

யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் முடியட்டும் என்று நினைத்தேன். ஊருக்குக்கூடப் போகாமல் ஜெபராஜ் எனக்காக இங்கேயே இருந்தார். அவரிடம் ஏன் இப்போதே சொல்ல வேண்டும்? சொல்லாமல் இருப்பது சரியா? நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று மறுபடி படத்தை எடுப்பேன். கருப்பு அங்கேயே இருக்கும். எப்போது விரிசல் விட்டது என்று ஒவ்வொரு அசைவையும் நினைத்துப் பார்த்தேன். கழிப்பறையில் ஒருநாள் லேசாக வழுக்கியது. காரில் ஒரு வேகத்தடை. குற்றம் சொல்ல ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது.

பொங்கல் அன்று காலை தேவகி அக்கா எங்கள் வரிசைக்கு முன்னால் சந்தில் செங்கல் அடுக்கிப் பானை வைத்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் அக்காவின் பானைக்கு வருஷா வருஷம் ஜெபராஜ்தான் விறகு பிளந்து கொடுப்பார். அன்றும் அடுப்படியில் குந்தி ஊதிக்கொண்டிருந்தார். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் பானையைச் சுற்றி நின்றார்கள். நான் வாசற்படியில் ஊன்றுகோலோடு நின்றேன். ரூபி பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் ஓடி வந்தாள். பால் பொங்கப் போகிறது என்று யாரோ கத்தினார்கள். ரூபி மறந்துபோய் இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

“தூக்கு.”

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு கேட்கிறாள். எப்படியும் பந்து போய்விட்டது, எப்படியும் வெட்டி எடுக்கத்தான் போகிறார்கள், இனி இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு ஊன்றுகோலையும் சுவரில் சாய்த்து வைத்தேன். குனிந்து அவளைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டேன். கனத்திருந்தாள். தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. படியிறங்கி நாலைந்து அடி நடந்து பானை தெரிகிற இடத்துக்குப் போனேன். பால் நுரைத்து வழிந்தது. எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கத்த, ரூபி என் காதுக்குள் கத்தினாள்.

வலிக்கவே இல்லை. அது ஏன் என்று அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி எழுந்தது.

தேவகி அக்கா கரண்டியோடு திரும்பினார்.

“அடிப்பாவி! கட்டை எங்கடி? யோவ் ஜெபராசு, உன் பொண்டாட்டியப் பாருய்யா! சாமி வந்த மாரி நடந்துகினு கீறா!”

ஜெபராஜ் முகத்தில் கரியோடு பாய்ந்து வந்தார். குழந்தையை ஒரு கையால் வாங்கி, மறு கையால் என்னைத் தாங்கினார். உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தபின்தான் பேச்சு வந்தது.

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? டாக்டரு என்ன சொன்னாரு?”

“அது ஏற்கெனவே விரிசல் விட்டிருச்சுங்க. நான் படத்தைப் பார்த்துட்டேன்.”

அவர் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் இரும்போடு இருக்கிறவர்தான். “வெளங்கலியே” என்று மட்டும் சொன்னார். குரல் இறங்கிப்போயிருந்தது. அவரும் நம்பிவிட்டார் என்று தெரிந்தது. அக்கா கொண்டுவந்து வைத்த பொங்கல் மாலை வரை அப்படியே இருந்தது.

விடுமுறை முடிந்து மருத்துவரிடம் போனோம். அவர் உறையைப் பிரித்துப் படத்தை விளக்குப் பெட்டியில் சொருகினார். முகம் மலர்ந்தது.

“ரொம்ப நல்லா வந்திருக்கும்மா.”

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. “விரிசல், சார்” என்றேன்.

“எது?”

எழுந்துபோய் அந்த வாலைக் காட்டினேன். “இரும்பு இங்கே கூடியிருக்கு.”

“ஆமா, கூடியிருக்கு. கூடணும்னுதானே போட்டோம்? இது விரிசல் இல்லை. நான் போட்ட துளை. இது வழியாத்தான் செல்லை விட்டேன். மேல இருக்கிற இந்தக் கருப்பு மொத்தமும் உங்க செல்லுதான். இரும்பைத் தின்ன செல் எங்கே இருக்கோ அங்கே எம்.ஆர்.ஐ. சமிக்ஞை அணைஞ்சுபோகும், கருப்பாத் தெரியும். உள்ளதைவிடப் பெருசாவும் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. போகச் சொன்ன இடத்துக்குப் போயிருக்கு, அங்கேயே நிக்குது. இதுல எலும்பு வளர்ந்திடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஆள் வேலைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்.”

ஜெபராஜ் மூச்சை விட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்டுப்போகாத ஒன்றின்மேல்தான் நான் குழந்தையைத் தூக்கி வைத்து நடந்திருக்கிறேன்.

சொன்னேன். பானை, ரூபி, நாலைந்து அடி, எல்லாவற்றையும். மருத்துவர் உடனே எக்ஸ்ரே சீட்டை எழுதிக் கொடுத்தார்.

அந்த எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரம்தான் என் நோயிலேயே மோசமான நேரம். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் எனக்கு நடந்தது. இது நான் செய்தது. ஜெபராஜ் ஒன்றும் திட்டவில்லை. ஒரு தேநீர் வாங்கி வந்து, ஆற்றி ஆற்றி, கையில் கொடுக்காமல் அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒளி ஊடுருவுகிற தகடு ஒன்றை எடுத்தார். அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்திருந்தன. அதை என் இடுப்புப் பந்தின்மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். எனக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் லைனில் தண்டை அளக்கிற அளவுமானி எஃகில் இருக்கும், அவ்வளவுதான். அளவு சரியாக இருந்தால் உட்காரும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இடைவெளி காட்டும். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு வட்டம் பந்தின் விளிம்போடு ஒட்டி உட்கார்ந்தது. மேல்பக்கமும் விலகவில்லை.

“அமுங்கலை” என்றார். பிறகு முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். “அதிர்ஷ்டம்மா. அதிர்ஷ்டத்தை மருத்துவம்னு நெனச்சுக்காதீங்க. இனி படத்தை நீங்க பார்க்கக் கூடாது. நான் பார்க்கிறேன். உங்க தொழில்ல நான் தலையிடுறேனா?”

“இல்ல சார்.”

“இன்னும் ரெண்டு கட்டையும் வேணும். புரியுதா?”

பிறகு எடுத்த ஸ்கேன்களில் கருப்பு குறைந்துகொண்டே வந்தது. அதற்கும் நான் பயந்தேன். செல் செத்துவிட்டதா, ஓடிவிட்டதா? உடம்பு அந்த இரும்பை மெதுவாகக் கரைத்து ரத்தத்துக்கு எடுத்துக்கொள்கிறது, அப்படிக் குறைவது எதிர்பார்த்ததுதான் என்று மருத்துவர் சொன்னார். அதற்குமேல் அந்தப் படம் சொல்லாதாம். எலும்பு வளர்ந்ததா என்பதை எக்ஸ்ரேயும் மாதங்களும்தான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இது பலிக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு இதுவரை வட்டம் உட்காருகிறது. இரண்டு கட்டை ஒன்றாகியது. போன வாரம் அந்த ஒன்றும் வேண்டாம், சமதரையில் மெதுவாக நடந்து பாருங்கள் என்றார். குழந்தையைத் தூக்குவதற்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை.

வீட்டுக்கு வந்து, ஊன்றுகோலை வாசலில் அன்று சாய்த்த அதே சுவரில் சாய்த்தேன். கை அதை விட்டு உடனே வரவில்லை. மருத்துவர் சரியாகப் பார்த்துத்தான் சொன்னாரா, சமதரை என்று எதைச் சொன்னார், எங்கள் சந்து சமதரையா என்றெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். ரூபி வந்தாள். வெறும் கையோடு நான் நிற்பதைப் பார்த்தாள்.

“அம்மா, கால்!”

“வேணாம்டா. அம்மா சும்மா நடக்கலாமாம்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேவகி அக்கா வீட்டை நோக்கி அடியெடுத்து வைத்தேன். இரண்டாவது அடியில் ரூபி கையை உருவிக்கொண்டு திரும்பி ஓடினாள். மூன்றாவது அடியில் எனக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கரகரவென்று சத்தம் கேட்டது. தன்னைவிட உயரமான ஊன்றுகோலை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள்.

போட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. அந்தச் சத்தம் பின்னாலேயே வர, அடுத்த கதவு வரை நடந்தேன்.